வெண்ணெயா, தேனா?

உங்கள் முன் இரண்டு தட்டுகள் வைக்கப்பட்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் தட்டில் வெண்ணெயில் பொரித்த முட்டைகள், பாலாடைக்கட்டி, ஒரு பிடி வேர்க்கடலை. பக்கத்தில் சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு கலந்த காப்பி. இரண்டாவது தட்டில் சுட்ட மீன், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு வாழைப்பழம், சிறு கிண்ணத்தில் தேன். முதல் தட்டு 'கீட்டோ' உணவு முறையைப் பின்பற்றுபவருடையது. இரண்டாவது 'பேலியோ' முறையைப் பின்பற்றுபவருடையது.

இரண்டிலும் அரிசி இல்லை, கோதுமை இல்லை, பருப்பு இல்லை, ஆலைச் சர்க்கரையும் இல்லை. ஆகவே இருவரும் ஒரே கட்சியினர் என்று நமக்குத் தோன்றும். ஆனால் இம்முறைகள் தோன்றிப் பரவிய அமெரிக்காவில் இவ்விரு சாராரும் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தேனையும் கிழங்கையும் சர்க்கரை மூட்டை என்கிறார் கீட்டோக்காரர். வெண்ணெயும் செயற்கை இனிப்பும் மனித உடலுக்கு அந்நியமானவை என்கிறார் பேலியோக்காரர்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். இதைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு முதன்முறையாக வரும் மாணவரிடம் நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "எதை அளக்கப் போகிறாய்?" இந்த வழக்கைப் பல நாள் கவனித்தபின், சண்டை முழுவதும் அந்தக் கேள்விக்கு இருவரும் தரும் வெவ்வேறு விடைகளிலிருந்தே பிறக்கிறது என்று எனக்குப் பட்டது.

இரத்தத்தில் ஓர் அளவு

கீட்டோக்காரரின் விடை தெளிவானது. அவர் அளப்பது இரத்தத்திலுள்ள கீட்டோன்களை.

நமது உடல் வழக்கமாக எரிக்கும் எரிபொருள் குளுகோஸ். மாவுச்சத்தும் சர்க்கரைகளும் அடங்கிய கார்போஹைட்ரேட் உணவிலிருந்து அது கிடைக்கிறது. மூளை மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுகோஸைச் செலவிடுகிறது. கார்போஹைட்ரேட் வரவு நின்றுவிட்டால் என்ன ஆகும்? தசைகள் கொழுப்பு அமிலங்களை நேரடியாக எரித்துக்கொள்ளும். மூளையால் அது இயலாது. எனவே கல்லீரல் அக்கொழுப்பு அமிலங்களை உடைத்துக் கீட்டோன்கள் என்னும் சிறு மூலக்கூறுகளாக்கி இரத்தத்தில் விடுகிறது. இவை மூளைக்குள் எளிதில் நுழைகின்றன. 1967-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஜார்ஜ் காஹில் குழுவினர், ஐந்தாறு வாரங்கள் உண்ணாதிருந்த மூன்று பேரை ஆராய்ந்து, அவர்களுடைய மூளை தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைக் கீட்டோன்களிலிருந்தே பெற்றதைக் கண்டனர். மூளை குளுகோஸைத் தவிர வேறெதையும் ஏற்காது என்று அதுவரை பாடப்புத்தகங்கள் கூறி வந்தன.

உடல் எந்த எரிபொருளை எரிக்கிறது என்பதை மூச்சுக் காற்றிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒரு குளுகோஸ் மூலக்கூறு எரிய 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. வெளிவருவன 6 கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகள். விகிதம் 6/6, அதாவது 1. பால்மிட்டிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை, வெளிவருவன 16. விகிதம் 16/23, ஏறத்தாழ 0.7. ஒருவரை மூடிய அறையில் இருத்தி, உள்ளே செல்லும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிட்டால், அவர் உடலில் எரிவது அரிசியா நெய்யா என்று அவரைக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

கீட்டோ முறை எடை குறைப்பதற்காகப் பிறந்ததன்று. பட்டினி கிடந்தால் வலிப்பு நோய் தணிகிறது என்பது முன்பே கவனிக்கப்பட்டிருந்தது. ஆனால் எத்தனை நாள் பட்டினி கிடக்க முடியும்? 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், கார்போஹைட்ரேட்டை மட்டும் ஏறக்குறைய நீக்கிக் கொழுப்பை மிகுத்தால் உண்டுகொண்டே பட்டினியின் பலனை அடையலாம் என்று முன்மொழிந்தார். 1938-இல் ஃபெனிடாய்ன் மருந்து வந்தபின் இம்முறை பின்தள்ளப்பட்டு, 1990-களில் மீண்டும் உயிர்பெற்றது. 2008-இல் லண்டனில் 145 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புடைய இக்குழந்தைகளில், இவ்வுணவை உண்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. வழக்கமான உணவு உண்டவர்களில் அவ்வாறு குறைந்தது 6 விழுக்காட்டினருக்கே.

ஆக, கீட்டோக்காரருக்கு இலக்கு ஓர் எண். இரத்தத்தில் கீட்டோன் அளவு லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்ட வேண்டும். அதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராம் கார்போஹைட்ரேட்டுக்குமேல் கூடாது. அந்த எண் வந்துவிட்டால் உணவு எங்கிருந்து வந்தது என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆலையில் செய்த இனிப்பு, எதுவானாலும் சரி. வாழைப்பழம் இயற்கையானதுதான், ஆனால் ஒரே பழம் அவருடைய அன்றைய பங்கை ஏறத்தாழத் தீர்த்துவிடும்.

குகையில் ஓர் உணவுப் பட்டியல்

பேலியோக்காரர் அளப்பது இரத்தத்தை அன்று, காலத்தை. 'பேலியோலித்திக்' என்றால் பழைய கற்காலம். 25 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அக்காலத்தில் மனித இனம் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் கனி பறித்தும் வாழ்ந்தது. உழவு வந்து 10,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இக்குறுகிய காலத்தில் தானியத்துக்கும் பாலுக்கும் நம் உடல் முழுமையாகப் பழகவில்லை, ஆகவே உழவுக்கு முன்பிருந்த உணவே உகந்தது என்பது அவர் வாதம். வால்ட்டர் வோக்ட்லின் என்ற மருத்துவர் 1975-இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது 1985-இல், பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. 2002-இல் லோரன் கார்டெயின் எழுதிய நூல் அதை மக்களிடம் பரப்பியது. தானியம், பருப்பு, பால் பொருள்கள், உருளைக்கிழங்கு, ஆலைச் சர்க்கரை, உப்பு ஆகியவற்றை அந்நூல் விலக்கிற்று. வேர்க்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அவரை இனத்தது. ஆகவே அதுவும் ஆகாது. தேன் ஆகும். ஏன்? கற்கால மனிதனும் தேனடை எடுத்தான்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈட்டனும் கானரும் 1985-இல் மதிப்பிட்ட கற்கால உணவில் ஆற்றலின் 45 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து வந்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி என்று கொண்டால் 900 கலோரி. ஒரு கிராம் கார்போஹைட்ரேட் 4 கலோரி தருவதால், 225 கிராம். கீட்டோ முறையின் மேல் எல்லை 50 கிராம் அல்லவா? பேலியோவின் மூலக் கட்டுரையே கீட்டோவின் எல்லையைப்போல நான்கரை மடங்கு கார்போஹைட்ரேட்டை ஏற்கிறது! வேட்டையாடி உணவு சேகரித்து வாழும் 229 சமுதாயங்களைப் பற்றிய பதிவுகளைக் கார்டெயின் குழுவினர் 2000-இல் தொகுத்தபோது 22 முதல் 40 விழுக்காடு என்று வந்தது. அதன் கீழ் எல்லைகூட 110 கிராம்.

எந்த மூதாதை?

பேலியோக்காரரிடம் கேட்க வேண்டிய வினா, "எந்த மூதாதை?" என்பதே. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் வேட்டையாடுகிறார்கள்; தேனும் கிழங்கும் அவர்கள் உணவில் பெரும் இடம் பெறுகின்றன. வட துருவ இனுயிட் மக்களின் பழைய உணவோ கடல்நாயும் மீனும் திமிங்கிலமும். ஈராக்கின் ஷானிடார் குகையிலும் பெல்ஜியத்தின் ஸ்பை குகையிலும் கிடைத்த நியாண்டர்தால் மனிதர்களின் பற்காரையில் வெந்த மாவுச்சத்துத் துகள்கள் இருப்பதாக 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்துகள்களுள் பார்லி இனத்துப் புல்லின் மணிகளும் உண்டு. ஜோர்டானில் 14,400 ஆண்டுகளுக்கு முன், அதாவது உழவு பிறப்பதற்கும் முன், சுட்ட ரொட்டியின் கருகிய துண்டுகள் 2018-இல் அறிவிக்கப்பட்டன. தானியத்தை அறவே தொடாத மூதாதை என்பது அத்தனை உறுதியான செய்தி அன்று.

இதைக் கேட்டுக் கீட்டோக்காரர் சிரிக்கக் கூடாது. அவரும் அவ்வப்போது மூதாதையைச் சாட்சிக்கு அழைப்பவரே. "இனுயிட் மக்கள் இறைச்சியும் கொழுப்பும் உண்டு, எந்நேரமும் கீட்டோன் நிலையிலேயே வாழ்ந்தனர்" என்பார். 1928-இல் ஹைன்பெக்கர் என்பவர் அம்மக்களை ஆராய்ந்தபோது, வழக்கமான இறைச்சி உணவில் அவர்களிடம் கீட்டோன் நிலை காணப்படவில்லை. காரணத்தின் ஒரு பகுதி பின்னாளில் வெளிப்பட்டது. கல்லீரலில் கொழுப்பு அமிலம் எரியும் வழியில் வாயிற்காவலன் போன்ற நொதி ஒன்று உண்டு. இனுயிட் மக்களில் பெரும்பாலோரிடம் அந்நொதிக்குரிய மரபணு மாறுபட்டு, கீட்டோன் உற்பத்தியைக் குறைக்கிறது. கொழுப்பையே நம்பி வாழ்ந்த மக்களின் உடல் கீட்டோன் மிகாதபடி தன்னை மாற்றிக்கொண்டது என்றால், அவர்களைக் கீட்டோவுக்குச் சாட்சியாக்குவது எப்படி?

இருவருக்கும் பொதுவான கதை ஒன்றும் உண்டு. துருவப் பயணி வில்யால்முர் ஸ்டெஃபான்சனும் அவர் தோழர் ஆண்டர்சனும் 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் இறைச்சி மட்டுமே உண்ணும் சோதனையைத் தொடங்கி, ஓராண்டு நடத்தினர். பணம் தந்தது இறைச்சி வணிகர் சங்கம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியே தரப்பட்டது. மூன்றாம் நாளுக்குள் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். பேலியோக்காரர் இதில் மாமிசத்தைக் காண்கிறார். கீட்டோக்காரர் கொழுப்பைக் காண்கிறார்.

பப்புவா நியூகினியின் கிடாவா தீவைப் பேலியோக்காரர் அடிக்கடி சுட்டுவார். ஸ்வீடன் மருத்துவர் ஸ்டாஃபன் லிண்ட்பெர்க் 1989-இல் அங்கு சென்று பார்த்தபோது, மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இல்லாமலிருந்தன. அவர்கள் உண்டது வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, பழம், தேங்காய், மீன். ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கார்போஹைட்ரேட். கீட்டோக்காரருக்கு இது பெரிய தலைவலி. ஆனால் கிடாவா மக்கள் வேட்டைக்காரர்கள் அல்லர், தோட்டப் பயிர் செய்பவர்கள் என்பதைப் பேலியோக்காரர் சொல்ல மறந்துவிடுகிறார்.

தராசு சொல்வது

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலில் ஏறத்தாழ அரைக் கிலோ கிளைக்கோஜன் சேமிப்பாக உள்ளது. அது தன்னைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. கார்போஹைட்ரேட்டை நிறுத்தினால் இச்சேமிப்பு கரைந்து, நீரும் வெளியேறுகிறது. கீட்டோவின் முதல் வார வெற்றியில் பெரும்பங்கு இந்த நீரே. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனையில், 20 பேர் மருத்துவ வளாகத்திலேயே தங்கி, இரு வாரம் கீட்டோ உணவும், இரு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் வேண்டிய மட்டும் உண்டனர். கீட்டோ உணவில் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் தாழ்ந்தே இருந்தன. ஆயினும் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டது தாவர உணவு உண்ட வாரங்களில்தான். பேலியோ பற்றி லிண்ட்பெர்க் 2007-இல் வெளியிட்ட சோதனையில், இதய நோயும் சர்க்கரைக் கோளாறும் உடைய 29 ஆண்கள் 12 வாரம் பங்குகொண்டனர். மத்தியதரைக் கடல் உணவு உண்டவரைவிடப் பேலியோ உணவு உண்டவருக்கு இரத்தச் சர்க்கரை நன்கு கட்டுப்பட்டது. பழம் தின்றும் கட்டுப்பட்டது. பெருந்தொகையினரை வைத்து நடந்த சோதனை அன்று இது. எனினும் ஒதுக்கத்தக்கதும் அன்று.

இந்த வழக்கு எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். தமிழ்நாட்டில் 'பேலியோ' என்ற பெயரில் பலர் பின்பற்றும் உணவில் நெய், வெண்ணெய், பன்னீர் எல்லாம் தாராளமாக உண்டு. கிழங்கும் தேனும் பழமும் இல்லை. பெயர் பேலியோ, சரக்கு ஏறக்குறைய கீட்டோ. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் சக ஆசிரியர் ஒருவர், நீரிழிவுக்காகக் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்பவர், மருத்துவரிடம் சொல்லாமல் இந்தப் பேலியோவைத் தொடங்கினார். நான்காம் நாள் வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போதே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மாணவர்கள் ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார்கள். காரணம் எளிது. உணவில் கார்போஹைட்ரேட் நின்றுவிட்டது; மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு வகை மாத்திரை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுவது. அதை உண்போருக்கு இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன்கள் அளவுமீறி இரத்தம் அமிலமாகிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இல் எச்சரித்தது. உணவினால் வரும் கீட்டோன் அளவு பெரும்பாலும் 3 மில்லிமோலுக்குள் நிற்கும். இன்சுலின் பற்றாக்குறையால் வரும் அமில நிலையில் அது 10-ஐயும் தாண்டி உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் கார்போஹைட்ரேட்டைக் குறைக்கவே கூடாது.

அன்று மாலை நண்பரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றது நான்தான். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்க, "பேலியோ, டாக்டர்" என்றார் நண்பர். "அது எனக்குப் போதாது, சார். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து? அதைச் சொல்லுங்கள்" என்றார் அவர். நண்பரிடம் விடை இல்லை. நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் பன்னீர், முட்டை, பாதாம், கீரை என்று எழுதிக் கூட்டிப் பார்த்தோம். முப்பத்தைந்து கிராம் வந்தது. முந்திய வாரம் வரை, மூன்று வேளைச் சோறும் இட்லியும் சேர்த்து, முந்நூறுக்கு மேல். மருத்துவர் அந்த இரு எண்களையும் பார்த்துவிட்டு மாத்திரையை மாற்றி எழுதினார்.