கடையநல்லூர் ஸ்திரீட்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் நடக்கிற தூரம்தான். கோழிச்சோற்றுக்கு நிற்கும் வரிசையைத் தாண்டிப் போனால் ஒரு சின்னத் தெரு. பெயர்ப்பலகையில் ‘கடையநல்லூர் ஸ்திரீட்’ என்று இருக்கிறது. நெல்லைச் சீமையின் நெசவாளர் ஊர் இந்த உயரக் கட்டடங்களுக்கு நடுவே வந்து சேர்ந்த கதையை நினைக்காமல் என்னால் அதைக் கடக்க முடிவதில்லை.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் துறைமுகத்தை நம்பி இங்கே கப்பலேறி வந்தவர்கள். பலர் குடும்பத்தோடு வந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, 1946இல், அது பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தது.

அரிசியே பங்கீட்டில் கிடைத்த காலம். அப்போது அந்த உழைப்பாளிகள் தங்கள் பள்ளிக்கு வைத்தது சீறாப்புராணம் பாடிய கவிஞரின் பெயர்: உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. பணம் கொடுத்தவர் பெயரை வைத்திருக்கலாம், ஊர்ப்பெயரை வைத்திருக்கலாம். பிள்ளைகள் ஒரு புலவனின் பெயரைச் சொல்லி வளரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எழுத்தின் மீது இதைவிடப் பெரிய நம்பிக்கையை நான் கண்டதில்லை.

1960இல் அங்கே உயர்நிலை வகுப்புகள் வந்தன. சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி அதுதான். ஆனால் வேலைச்சந்தை ஆங்கிலம் கேட்டது. மாணவர் குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது.

அதே கடையநல்லூரில் 1940இல் பிறந்து, 1951இல் சிறுவனாகச் சிங்கப்பூர் வந்தவர் கவிஞர் க.து.மு. இக்பால். 2014இல் நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார். அவருடைய கவிதைத் தொகுப்புகளைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வானொலிக்காக அவர் 200க்கும் மேற்பட்ட சிறுவர் பாடல்கள் எழுதினார்.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். தமிழ்வழி வகுப்பறைகள் ஒவ்வொன்றாகக் காலியான நேரம் அது. வீட்டுப் பேச்சிலும் ஆங்கிலம் நுழைந்துகொண்டிருந்தது. கேட்கும் காதுகள் குறையக் குறைய அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

சிறுவர் பாட்டு எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒன்று எழுதிப் பார்க்கட்டும். நான் முயன்று தோற்றிருக்கிறேன். சொல் சின்னதாக இருக்க வேண்டும், மோனை தானாக வந்து விழ வேண்டும், மூச்சு முடியுமிடத்தில் அடி முடிய வேண்டும். பெரியவர்கள் மரியாதைக்காகக் கைதட்டுவார்கள். குழந்தை பிடிக்காத பாட்டை அந்த நொடியே விட்டுவிடும். பாடும் குழந்தைக்கு எழுதியவர் பெயரும் தெரியாது. அப்படி ஒரு வாசகருக்காக இருநூறு முறை உட்கார்ந்து எழுத, யாருக்கு எழுதுகிறோம் என்ற தெளிவு வேண்டும். ‘யார் படிக்கப்போகிறார்கள்’ என்று நான் சோர்ந்த இரவுகளில் அந்த எண்ணிக்கைதான் என்னை மறுபடி மேசைக்கு அழைத்து வந்திருக்கிறது.

உமறுப் புலவர் பெயர் இப்போது லிட்டில் இந்தியா அருகே பியாட்டி சாலையில், தமிழ் மொழி நிலையமாக இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வருகிறார்கள். வெவ்வேறு பள்ளிச் சீருடைகள், ஒரே தமிழ்ப் பாடம். வாசலில் அந்தப் புலவனின் பெயர்.