டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர்: பம்புசெட்டுக்கு என்ன ஆகும்?

வேப்பூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருப்பவர்களுக்கு 50-ஆம் நாள் தொடங்கி 65-ஆம் நாள் வரை நிம்மதியான தூக்கம் கிடையாது. ஆண் பூ வெளிவந்து, கதிரில் பட்டு நூல் தள்ளும் பருவம் அது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிப்பது குறைந்துவிடும். பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் போனது போனதுதான். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 25,000 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு அது 8 மணி நேர வேலை. அந்த 8 மணி நேரமும் மும்முனை மின்சாரம் ஒழுங்கான வோல்டேஜில் வருமா என்பதில்தான் மகசூல் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கிரிட் என்ற பேச்சு கிராமங்களுக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் நாலு பேர் கூடினாலும், "மீட்டர் வைக்கப் போறாங்களாம், இலவச கரண்ட் போயிடுமாம்" என்பதுதான் பேச்சு. இதில் எது உண்மை, எது பயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய மின் கட்டமைப்பு ஒருவழிப் பாதை. நெய்வேலியிலோ வேறு எங்கோ உற்பத்தியாகும் மின்சாரம் துணை மின் நிலையம் வந்து, அங்கிருந்து 11 கே.வி. பீடர் வழியாக ஊர் டிரான்ஸ்பார்மருக்கு வந்து, கடைசியில் கொல்லையில் இருக்கும் மோட்டாருக்கு வருகிறது. கடைசி மோட்டாரில் எத்தனை வோல்ட் வருகிறது என்பது மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரியாது. யாராவது லைன்மேனுக்குப் போன் போட்டால்தான் தெரியும். ஸ்மார்ட் கிரிட் என்பது இந்த வழி நெடுகிலும் அளவுக் கருவிகளை வைத்து, எங்கே சுமை ஏறுகிறது, எங்கே வோல்டேஜ் இறங்குகிறது என்பதை உடனுக்குடன் அலுவலகத்தில் பார்ப்பது. அதைப் பார்த்து மின்சாரத்தைத் திருப்பி விடுவதும் இதில் அடங்கும். நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில், புதுச்சேரியில், பவர் கிரிட் நிறுவனமும் அங்குள்ள மின்துறையும் சேர்ந்து 2012-லேயே இதற்கு முன்னோடித் திட்டம் தொடங்கின. தேசிய ஸ்மார்ட் கிரிட் இயக்கம் 2015-ல் வந்தது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திவிட்டார்கள். அதெல்லாம் நகரத்துக் கதை.

விவசாயிக்கு முக்கியமானது 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த விநியோகத் துறை சீரமைப்புத் திட்டம். நாடு முழுவதும் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்ட திட்டம் இது. மின் இழப்பை 12 முதல் 15 சதவீதத்துக்குள் கொண்டுவருவது அதன் இலக்கு. 25 கோடி முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவதும் அதில் உண்டு. ஆனால் அதே திட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: விவசாய இணைப்புகள் சிதறிக் கிடப்பவை, ஊரை விட்டுத் தள்ளி இருப்பவை. ஆகவே அவற்றைப் பீடரில் வைக்கும் மீட்டர் மூலம் மட்டுமே கணக்கிட்டால் போதும். அதாவது, இந்தத் திட்டப்படி மோட்டார் கொட்டாய்க்குள் முன்பண மீட்டர் வராது.

அப்படியானால் பயம் வீணா? வீண் என்று சொல்லிவிட முடியாது. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களுக்குப் பிறகே முதலில் சிறு விவசாயிகளுக்கும், 1989-ல் அமைந்த கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. 2020-ல் வந்த மின்சாரத் திருத்த வரைவு, முதலில் கட்டணம் கட்டுங்கள், மானியத்தைப் பிறகு வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றது. தமிழ்நாடு அரசும் அதை எதிர்த்தது. விவசாயிகள் விழிப்பாக இருப்பதில் தவறே இல்லை. ஆனால் டிரான்ஸ்பார்மரில் வைக்கும் மீட்டரையும் கொட்டாயில் வைக்கும் மீட்டரையும் ஒன்றாக நினைத்து இரண்டையும் விரட்டினால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ஏன் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. குதிரைத்திறனை வைத்துத்தான் அரசு மானியம் தருகிறது. எவ்வளவு மின்சாரம் உண்மையில் செலவானது என்பது மதிப்பீடுதான். வழியில் வீணாவதையும் திருடு போவதையும் விவசாயத்தின் பெயரில் எழுதிவிட இது வசதி. பழி விவசாயிக்கு வருகிறது, புது டிரான்ஸ்பார்மர் வருவதில்லை.

ஒரு கணக்கு: 5 எச்.பி. மோட்டார் ஒன்று ஓட சுமார் 5.8 கே.வி.ஏ. தேவை. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் பத்து மோட்டார் இருந்தால் 58, தாங்கிவிடும். நீர்மட்டம் இறங்க இறங்க, அந்தப் பத்தில் பலர் அனுமதி வாங்காமல் 7.5 எச்.பி.க்கு மாறுகிறார்கள். பத்துமே மாறினால் சுமை 87-ஐத் தொடும். காகிதத்தில் இன்னும் 58 தான். இதோடு எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருந்தால், கரண்ட் வந்த நிமிடமே பத்து மோட்டாரும் சேர்ந்து கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிறகு ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்? விருத்தாசலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி உருகித்தான் ஆக வேண்டும். தடிமனான கம்பியைப் போட்டுச் சமாளித்தால் அடுத்து டிரான்ஸ்பார்மரே எரியும்.

லோ வோல்டேஜின் தீமையும் பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை. 415 வோல்ட்டுக்குப் பதில் 340 வோல்ட் வந்தால் மோட்டாரின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீர் குறையும், கம்பிச்சுற்று சூடாகும், காயில் எரியும். காயில் கட்டும் செலவையும், மோட்டார் கடையில் கிடக்கும் நாட்களில் காயும் பயிரையும் கணக்குப் போட்டால் "இலவச" மின்சாரத்தின் விலை தெரியும். டிரான்ஸ்பார்மரில் மீட்டர் இருந்தால் இந்த 87-உம் இந்த 340-உம் மின்வாரியத்தின் கணக்கிலேயே பதிவாகும். கூடுதல் டிரான்ஸ்பார்மர் கேட்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்தது பீடர் பிரிப்பு. வீட்டுக்கு ஒரு கம்பி, விவசாயத்துக்கு ஒரு கம்பி. குஜராத் 2003 முதல் 2006-க்குள் ஜோதிகிராம் திட்டத்தில் இதைச் செய்து முடித்தது. வீடுகளுக்கு 24 மணி நேரமும், பம்புகளுக்கு முறை வைத்து 8 மணி நேரம் நல்ல வோல்டேஜிலும் கொடுத்தார்கள். இருமுனை நேரத்தில் கெப்பாசிட்டர் வைத்து மோட்டார் ஓட்டும் பழக்கத்துக்கும் வழியில்லாமல் போனது. நல்ல பலன்தான். ஆனால் அங்கே அடி வாங்கியவர்களும் உண்டு. சொந்தக் கிணறு இல்லாமல், பக்கத்துக் கொல்லைக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பயிர் செய்த குத்தகைதாரர்கள்தான் அவர்கள். மணி குறைந்ததும் கிணற்றுக்காரர் தன் பயிருக்குப் போக விற்க மிச்சமில்லை. தமிழ்நாட்டில் திட்டம் போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. கொல்லையிலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் விவசாயக் கம்பியில் மாட்டிக்கொண்டு இருட்டில் இருக்கும் நிலையும் வரக் கூடாது. பீடர் பிரிக்கும் பேச்சு ஊருக்கு வரும்போதே, கிராம சபையில் இந்த இரண்டையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் விவசாயிக்குச் சாதகமாக வந்திருக்கிறது. முன்பு அனல் மின்சாரம் இரவில் மிஞ்சியதால் பம்புகளுக்கு இரவு முறை கொடுத்தார்கள். பாம்புக்கும் தேளுக்கும் நடுவே டார்ச் அடித்துக்கொண்டு மடை திருப்பிய காலம் அது. இப்போது சூரிய மின்சாரம் பெருகி, நண்பகலில்தான் மின்சாரம் மிஞ்சுகிறது. பகல் முறை தருவது மின்வாரியத்துக்கும் லாபம். மகாராஷ்டிரம் 2017 முதல் விவசாயப் பீடர்களுக்கென்றே சூரிய மின் நிலையங்கள் அமைத்துப் பகல் மின்சாரம் கொடுக்க முயல்கிறது. பி.எம். குசும் திட்டத்திலும் பீடரையே சூரிய சக்திக்கு மாற்ற வழி உண்டு. குறைகேட்பு நாளில் "இரவு முறை வேண்டாம், பகல் முறை கொடுங்கள்" என்று கேட்க இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

மின்வாரியம் செய்யும் வரை காத்திருக்காமல் விவசாயி செய்யக்கூடியதும் உண்டு. 5 எச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர்., 7.5 எச்.பி.க்கு 3 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் போட்டால் கம்பியில் இழுக்கும் கரண்ட் குறையும். ஒரு டிரான்ஸ்பார்மரில் ஒருவர் மட்டும் போட்டால் வித்தியாசம் தெரியாது, பத்துப் பேரும் போட்டால் கடைசி மோட்டாரின் வோல்டேஜ் ஏறும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஒவ்வொரு மோட்டாரும் சில நிமிடம் தள்ளிக் கிளம்புவது போல டைமர் வைத்துக்கொள்ளலாம். குதிரைத்திறனைக் கூட்டியவர்கள் அதை முறையாகப் பதிவு செய்வது அவசியம். பதிவில் இல்லாத சுமைக்குப் புது டிரான்ஸ்பார்மர் கிடைக்காது. லோ வோல்டேஜ், ஃபியூஸ் புகார்களை லைன்மேனிடம் வாயால் சொல்வதோடு விடாமல், மின்னகம் 94987 94987 எண்ணில் பதிந்து, புகார் எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.