ஜப்பான் பள்ளிக்கூடத்துக்குத் தஞ்சாவூர் வாத்தியார்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை வேளை. அடைமழை அப்பொழுதுதான் சற்று ஓய்ந்திருந்தது. நடவு முடிந்த சம்பா வயல்களில் தவளைகள் கச்சேரியை ஆரம்பித்துவிட்டன. நாம் திண்ணையில் உட்கார்ந்து பரீக்ஷைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். குடையை மடக்கிக்கொண்டு வாசற்படி ஏறினாள், சில வருஷங்களுக்கு முன்பு நம்மிடம் இங்கிலீஷ் பாடம் கேட்ட மாணவி ஒருத்தி. குடமுருட்டிக் கரையில் ஒரு சிற்றூர் அவளுடையது. தகப்பனார் சிறு மிராசுதார். பெண் கும்பகோணத்தில் பி. ஏ. முடித்திருக்கிறாள்.

"ஸார், ஜப்பானில் வாத்தியார் வேலைக்கு மனுப் போடப் போகிறேன். இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்று சில காகிதங்களை நீட்டினாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனம்மா, ஜப்பான் குழந்தைகளுக்கு நீ என்ன பாஷை சொல்லிக் கொடுப்பாய்?" என்று கேட்டோம்.

"இங்கிலீஷ்தான், ஸார்!"

காவேரி தீரத்துப் பெண் ஜப்பானியக் குழந்தைக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் போவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விசாரித்துப் பார்த்தால் அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது விளங்கும். இத்தகைய ஆசை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் உண்டாகக் கூடியதாகையால், நாம் அறிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

திட்டம் என்ன?

அயல் தேசத்தாரை வரவழைத்து இங்கிலீஷ் கற்பது ஜப்பானுக்குப் புதிதல்ல. லாப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர் 1890-ஆம் ஆண்டிலேயே மட்ஸுயே என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியராக அமர்ந்தார். அந்த வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்த 1987-ஆம் ஆண்டில் ஜப்பானிய சர்க்கார் ஏற்படுத்தியதே 'ஜெட்' திட்டம். முதல் வருஷம் நான்கு தேசங்களிலிருந்து 848 பேர் போனார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து என்பவையே அந்த நான்கும். இப்பொழுதோ சுமார் 50 தேசங்களிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே பணி செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து மட்டும் கணிசமானவர்கள் போகிறார்கள். இந்தியர்களும் மனுச் செய்யலாம். போகிறவர்கள் தொகைதான் சொற்பம்.

இவர்களில் பெரும்பாலோர் பாஷைக்கான உதவி ஆசிரியர்கள். 'உதவி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. இவர் பக்கத்தில் நின்று உச்சரித்துக் காட்டுவார்; விளையாட்டாகப் பேச வைப்பார்; குழந்தைகளின் கூச்சத்தைப் போக்குவார். ஜப்பானில் 2020 முதல் ஆரம்பப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் முறையான பாடமாகிவிட்டது. ஆகையால் சின்னஞ்சிறு குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை நிரம்ப இருக்கிறது.

தேவையான யோக்யதை மிகப் பெரியதல்ல. ஒரு பட்டம் வேண்டும். இங்கிலீஷில் தெளிவான உச்சரிப்பும், பிழையின்றிக் கோவையாக எழுதும் திறமையும் வேண்டும். ஜப்பானிடம் சிரத்தை வேண்டும். ஜப்பானிய பாஷை தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. இரு தரப்பாருக்கும் சம்மதமானால் ஐந்து வருஷம் வரையில் நீடிக்கலாம். முதல் வருஷச் சம்பளம் நெடுங்காலம் 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்து, பிறகு உயர்த்தப்பட்டது. போக்குவரத்து விமானச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள்.

மனுவை ஜப்பானியத் தூதராலயத்துக்கு அனுப்ப வேண்டும். நம் பஞ்சாங்கப்படி சொன்னால், சாதாரணமாக சம்பா நடவுக் காலத்தில் மனு, பொங்கலுக்குப் பிறகு நேர்முகப் பேட்டி, கோடையில் முடிவு, ஆடிப்பெருக்கை ஒட்டிப் பிரயாணம். இதில் தரகர் எவருக்கும் வேலையில்லை. மனுவுக்குக் கட்டணமும் இல்லை. "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர் எவராயிருந்தாலும் அவருக்கு வாசற்கதவைக் காட்டிவிடுவது நலம்.

இரவல் நகை

இவ்வளவையும் அந்தப் பெண்ணே விசாரித்து வைத்திருந்தாள். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இருவருடைய சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் தயார். ஆனால் மனுவின் உயிர்நாடி வேறொன்று. "நான் ஏன் ஜப்பானுக்கு வர விரும்புகிறேன்? வந்து என்ன செய்வேன்?" என்று இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதைத்தான் நம்மிடம் திருத்தக் கொடுத்தாள்.

படித்தோம். வானளாவிய கட்டடங்கள், மின்னல் வேக ரயில்கள், வசந்தத்தில் பூக்கும் செர்ரி மரங்கள் எல்லாம் அதில் இருந்தன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் மட்டும் அதில் இல்லை! கல்யாணத்துக்கு இரவல் நகை பூட்டிக்கொண்டது போல் ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவருடையதாகப் பளபளத்தது.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. குற்றம் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுடையது. 'தாழ்மையுடன் விண்ணப்பித்துக் கொள்கிறேன்' என்று தொடங்கும் லீவு லெட்டரை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாமே. சொந்த விஷயத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

"நீ யாருக்காவது இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறாயா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, ஸார். சாயங்காலத்தில் எங்கள் தெருக் குழந்தைகள் திண்ணைக்கு வருவார்கள். மரக்காலையும் முறத்தையும் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக் கொடுப்பேன்."

"மரக்காலை வைத்துக்கொண்டா?"

"ஆமாம், ஸார். புளியங்கொட்டையை மரக்காலுக்குள் போட்டால் 'இன்'. கவிழ்த்து அதன்மேல் வைத்தால் 'ஆன்'. அடியில் மறைத்தால் 'அண்டர்'. கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்குக் கொட்டை சொந்தம். எங்கள் பாட்டிகூட இப்பொழுது 'அண்டர்' என்கிறாள்!"

நாம் அவளுடைய இரண்டு பக்கத்தையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தோம். "இதையெல்லாம் அடித்துவிடு. இப்பொழுது சொன்னாயே, அதை எழுது" என்றோம்.

நம்மவர்க்கு உள்ள அனுகூலம்

"இங்கிலீஷ் தாய்பாஷையாக உள்ள தேசத்தார் இருக்கும்போது நம்மை யார் தேடப் போகிறார்கள்?" என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது. நேயர்களுக்கும் இருக்கலாம். ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆற்றின் நடுவே பிறந்த மீனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் நீந்தக் கற்றுக் கொடுக்கத் தெரியாது. தண்ணீர் குடித்துத் தத்தளித்துக் கரையேறியவனுக்குத்தான் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது தெரியும்.

ஜப்பானியக் குழந்தை 'பஸ்' என்பதை 'பஸு' என்கிறது. நம் ஊர்க் கண்டக்டர் 'பஸ்ஸு' என்கிறார். வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்க இரு பாஷைகளுக்கும் பிடிப்பதில்லை. நம் இலக்கணத்தில் குற்றியலுகரம் படித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் புரியும். 'நான் சோறு சாப்பிட்டேன்' என்று வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஜப்பானியனும் அப்படியே வைக்கிறான். 'வீட்டில்' என்பதில் 'இல்' பின்னால் வருவது போலவே அவர்களுக்கும் வேற்றுமைச் சொல் பின்னால்தான் வரும். இங்கிலீஷிலோ எல்லாம் தலைகீழ். ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானியப் பண்டிதர் தமிழுக்கும் ஜப்பானிய பாஷைக்கும் உறவே உண்டு என்று வாதித்தார். பாஷை ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் அதை ஒப்பவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். இங்கிலீஷ் வாக்கியத்தின் முன் இரு தேசத்துக் குழந்தைகளும் திகைத்து நிற்பது ஒரே இடத்தில்தான்.

நம் தஞ்சைச் சீமை இங்கிலீஷால் பட்ட பாடும் பெற்ற பெருமையும் கொஞ்சமா? வலங்கைமானில் பிறந்து, பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய சீனிவாச சாஸ்திரியாரின் இங்கிலீஷைக் கேட்டு ஆங்கிலேயரே வியந்தார்கள். அதே கும்பகோணத்துக் கலாசாலையில் கணித மேதை ராமானுஜம் இங்கிலீஷ் பரீக்ஷையில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். ஆண்டவனுடைய பாஷையாக அல்ல, ஆள வந்தவனுடைய பாஷையாகவே அது நம்மிடம் வந்தது, பயந்துகொண்டே படித்தோம். இன்று சுதந்திர தேசத்துப் பெண் ஒருத்தி அதே பாஷையை மற்றொரு தேசத்துக் குழந்தைக்குப் பயமில்லாமல் கற்பிக்கப் போகிறாள் என்றால், அதில் நமக்குப் பெருமை உண்டு.

போவதும் திரும்புவதும்

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். டோக்கியோ பட்டணத்தில்தான் வேலை என்று எண்ணக் கூடாது. கடலோரக் கிராமமோ மலையோரச் சிற்றூரோ கிடைக்கலாம். அங்கேயும் நெல் வயல்தான், ஆனால் மார்கழிப் பனியல்ல, முழங்கால் அளவு உறைபனி பெய்யும் இடங்களும் உண்டு. அரிசி குட்டையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் சங்கடம்: கறிகாய்க் குழம்பென்று நம்பிச் சாப்பிடுவதிலும் அடியில் உலர்ந்த மீனின் சாறு இருக்கும். நம் மாசிக் கருவாட்டின் ஜாதிதான் அது. மத்தியான்னச் சாப்பாட்டை மாணவர்களே பரிமாறுகிறார்கள். வகுப்பையும் அவர்களே பெருக்கித் துடைக்கிறார்கள். காந்தியடிகளின் ஆதாரக் கல்வியைப் புத்தகத்தில் படித்த நமக்கு, அதைப் பார்த்துவிட்டு வருவதே ஒரு பாடமாகும்.

ஆயினும் நம் மனம் ஒரு விஷயத்தில் உறுத்தியது. நம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளிலேயே நல்ல இங்கிலீஷ் ஆசிரியர்கள் போதவில்லை. திண்ணையில் பாடம் சொல்கிற ஒருத்தியையும் நாமே விமானம் ஏற்றி அனுப்பலாமா?

அப்பொழுது நொபோரு கராஷிமா நினைவுக்கு வந்தார். ஜப்பானியரான அவர் சென்னையில் வந்து தமிழ்ச் சாஸனங்களைக் கற்றார். காவேரிக் கரைக் கிராமங்களில் சோழர் காலத்து நிலம் யார் கையில் இருந்தது என்பதைக் கல்வெட்டுகளிலிருந்து ஆராய்ந்து எழுதினார். 1995-இல் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, அதை நடத்திய ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. கற்றதைத் தம் தேசத்துக்குக் கொண்டுபோனார், நமக்கும் கொடுத்தார். போவதில் தோஷமில்லை, வெறுங்கையுடன் திரும்புவதிலும், திரும்பாமலே இருந்துவிடுவதிலும்தான் நஷ்டம். இதை அந்தப் பெண்ணிடமும் ஒளிக்காமல் சொன்னோம். "திரும்பி வந்து திண்ணையில்தான் உட்காருவேன், ஸார்" என்றாள். வாக்கு எப்படியாகுமோ, காலம் சொல்லும்.

நான்கு நாள் கழித்துப் புதிய கட்டுரையைக் கொண்டுவந்தாள். மரக்கால் இருந்தது, புளியங்கொட்டை இருந்தது, பாட்டியும் இருந்தாள். செர்ரி மரம் ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் நாம் பேனாவை வைத்தோம். மறுநாள் தகப்பனாரும் பெண்ணுமாகத் தஞ்சாவூர்த் தபாலாபீஸில் மனுவை ரிஜிஸ்டர் செய்தார்கள். நாமும் உடன் போயிருந்தோம்.

இந்த வேலை கிடைக்குமோ, கிடைக்காதோ, அறியோம். தம்மைப் பற்றித் தாமே எழுதத் தெரிந்துகொண்டவர்களுக்கு அந்த லாபம் எந்தத் தூதராலயத்தின் தயவிலும் இல்லை.

வெளியே வரும்போது தகப்பனாரிடம், "பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப உங்களுக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார்.

"நம் ஊர் நடவு மிஷின் ஜப்பான்காரன் சரக்குங்க. போன குறுவையில் நட்டநடு வயலில் நின்றுபோயிற்று. அதை யாரிடம் கேட்பது என்றாவது இவள் தெரிந்துகொண்டு வரட்டுமே!" என்றார்.