ஒளி எந்தப் பக்கம் அதிர்கிறது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவோடு பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பட்டிழைகள், ஒன்றோடொன்று பின்னாமல் ஒரே திசையில் கிடக்கும். அதே இழைகளைக் கசக்கிப் போட்டால் திசையே தெரியாது. கருந்துளையிலிருந்து பீறிடும் தாரைக்குள் காந்தப்புலம் இந்த இரண்டில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பூமியிலிருந்தே அறியலாம். அதற்கு உதவுவது ஒளியின் தளவிளைவு.

ஒளியலை தான் போகும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. சூரிய ஒளியில் எல்லாப் பக்க அதிர்வும் கலந்திருக்கும். தாரையிலோ, ஒளிவேகத்தை நெருங்கிய எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி ஒளியை உமிழ்கின்றன. அந்த அதிர்வு காந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அமையும். புலம் ஒழுங்காக இருந்தால் அதிர்வுகள் ஒருபக்கமாகச் சேரும்; இதுவே தளவிளைவு. குழம்பியிருந்தால் ஒன்றையொன்று அழிக்கும்.

அந்த எலக்ட்ரான்களுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? சுமார் 46 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மார்க்கேரியன் 501 என்னும் விண்மீன் மண்டலத்தின் தாரை இதற்குப் பதில் தந்தது. நாசாவும் இத்தாலியும் 2021-இல் அனுப்பிய ஐக்ஸ்பி செயற்கைக்கோள் 2022 மார்ச்சில் அதை நோக்கியது. எக்ஸ்-கதிரில் தளவிளைவு சுமார் 10 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய அதில் பாதி. அதிர்வின் திசையோ தாரைக்கு இணையாக இருந்தது. தாரைக்குள் எழும் அதிர்ச்சி அலைதான் எலக்ட்ரான்களை முடுக்குகிறது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். முடுக்கப்பட்டவுடன், அலைமுகப்பின் ஒழுங்கான புலத்திலேயே அவை எக்ஸ்-கதிரை உமிழ்கின்றன. ஆற்றல் குறைந்து, குழம்பிய பகுதிக்கு நகர்ந்த பிறகு வருவது சாதாரண ஒளி.

இந்தியாவும் இந்த வேலையில் இறங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளில், பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய போலிக்ஸ் கருவி இருக்கிறது. அதன் நடுவே ஒரு பெரிலியத் துண்டு, சுற்றிலும் நான்கு உணரிகள். பெரிலியத்தில் மோதும் எக்ஸ்-கதிர், தன் அதிர்வுக்குச் செங்குத்தான பக்கத்தில் அதிகமாகச் சிதறும். செயற்கைக்கோள் மெல்லச் சுழல்வதால், வரும் கதிர் தளவிளைவு கொண்டதானால் ஒவ்வோர் உணரியின் எண்ணிக்கையும் ஒரு சுற்றில் இருமுறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவே தளவிளைவைச் சொல்லிவிடும். இவ்வளவு எளிய இயற்பியலில் இவ்வளவு நுட்பம்!

ஐக்ஸ்பி 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டோடு நின்றுவிட, போலிக்ஸ் அங்கிருந்து 30 வரை பார்க்கிறது. ஆனால் அதன் முதன்மை இலக்குகள் நம் விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மூலங்கள்தாம். தொலைதூரத் தாரைகளின் மங்கலான கதிரை இந்த ஆற்றலில் அளக்க இன்னும் பெரிய கருவி வேண்டும். அதையும் நாமே கட்ட வேண்டும்.