சாணவாயுவைச் செலவிடும் முறைகளும் அவற்றின் பலாபலன்களும்

மாட்டுச் சாணத்தைச் சம அளவு நீரிற் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் எரியக்கூடிய வாயு உண்டாகும் என்பதைக் குடியானவர்கள் பலர் அறிவர். புது டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1939-ஆம் வருஷத்தில் இது பரிசோதிக்கப்பட்டது. பின்னர் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் மூடியுடைய தொட்டியை அமைத்தார். தொட்டி கட்டுவதிற் காட்டப்படும் சிரத்தை, வாயுவைச் செலவிடுவதிற் காட்டப்படுவதில்லை. நிலத்துக்கும் காற்றுக்கும் நேரும் நன்மை தீமைகளோ பெரும்பாலும் பின்னதையே பொறுத்தவை.

இவ்வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு மீதேன்; மீதி பெரும்பாலும் கரியமிலவாயு; அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயுவும் சொற்பம் உண்டு. 25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து உத்தேசம் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். அடுப்பில் அது மூன்றரைக் கிலோ விறகின் வேலையைச் செய்யும். அதே சாணத்தை வரட்டியாக எரித்தால் வெப்பத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்துக்குச் சேர்கிறது. புகையால் பெண்டிரின் கண்ணும் மார்பும் கெடுகின்றன. தழைச்சத்து காற்றிற் போய்ச் சாம்பலே எஞ்சுகிறது. வாயு அடுப்பிலோ பாதிக்கு மேற்பட்ட வெப்பம் பயன்படுவதோடு, தழைச்சத்தின் பெரும்பகுதி கழிவுக் குழம்பில் தங்கிவிடுகிறது. ஆகையால் வாயுவில் முதல் உரிமை அடுப்புக்கே உரியது.

விளக்கெரிப்பது அவ்வளவு சிலாக்கியமன்று. மாண்டில் விளக்கொன்று மணிக்குச் சுமார் 0.13 கன மீட்டர் வாயுவைக் குடித்து, பெரும்பாகத்தை வெறும் சூடாக விரயஞ் செய்யும். டீசல் எஞ்சினில் இவ்வாயுவைச் சேர்த்தால் டீசல் செலவு ஐந்தில் நான்கு பங்கு வரை குறையக்கூடும். ஆயினும் குதிரைசக்தி ஒன்றுக்கு மணிக்கு அரைக் கன மீட்டர் வேண்டும். நாலைந்து மாடுகளால் தினம் கிடைக்கும் 2 கன மீட்டரைக் கொண்டு 5 குதிரைசக்தி எஞ்சின் ஒரு மணி நேரங்கூட ஓடாது. பெரிய பண்ணைகளுக்கே இது ஏற்றது. அங்கும், கந்தக வாயு உலோகத்தை அரிக்குமாதலால், துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழாயின் வழியே வாயுவைச் செலுத்திய பின்னரே எஞ்சினுக்கு விடவேண்டும்.

இவை யாவற்றினும் கேடானது, வாயுவை எரிக்காமல் வெளியே விடுவது. கோடையில் வாயு மிகுதியாக ஊறும்போதும், வீட்டார் வெளியூர் சென்றிருக்கும்போதும், மூடி நிரம்பி ஓரத்தில் வாயு குமிழியிட்டு வெளியேறுவதைக் காணலாம். நாற்றத்தைத் தவிர வேறு தீங்கில்லை என்று நினைப்பது தவறு. நூறு வருஷக் கணக்கில், மீதேன் எடைக்கு எடை கரியமிலவாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. ஒரு கிலோ மீதேனை எரித்தால் உண்டாவது 2.75 கிலோ கரியமிலவாயுவே. அதுவும் வைக்கோலும் புல்லும் அண்மையிற் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். வெயிலிற் காய்ந்த சாணத்தில் மீதேன் மிகச் சொற்பமே உண்டாகும். ஆகவே கசியும் தொட்டியை வைத்திருப்பதைவிடத் தொட்டியே இல்லாதிருப்பது காற்றுக்கு நலம். உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்யும் கிராம அதிகாரிகள், மாடுகளின் தொகையை மாத்திரமன்றி, வீட்டில் உண்பவர் தொகையையும் விசாரித்துத் தொட்டியின் அளவை நிர்ணயிப்பது உசிதம். மிஞ்சும் வாயுவை மாட்டுத் தீவனம் வேகவைக்கவோ, வெந்நீர் போடவோ எரித்துவிடலாம். குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியுமிடம் குமிழியால் தெரியும்.

கழிவுக் குழம்பைத் திறந்த குழியில் வெயிலிற் காயவிட்டால் அம்மோனியா ஆவியாகி எருவின் சாரம் குறையும். பாசன நீருடன் கலந்து வயலுக்குப் பாய்ச்சலாம். பயிரில்லாத காலத்தில், நிழலிலுள்ள குழியில் சருகும் குப்பையும் மாறிமாறிப் பரப்பி, அவற்றின்மேல் குழம்பை ஊற்றி மண்ணால் மூடிவைக்கலாம்.