புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும்: அனிமே படத்தை வெக்டராக வரையக் கற்பது எப்படி?

கோயில் திருவிழாவுக்குப் பதாகை அடிக்க வேண்டும். புலனத்தில் வந்த ஒரு படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஏற்பாட்டாளர் அச்சுக் கடைக்குப் போகிறார். கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்த படம், பத்தடிப் பதாகையில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. "படம் பத்தாது அண்ணே, வெக்டர் இருந்தா கொண்டு வாங்க" என்கிறார் கடைக்காரர்.

வெக்டர் என்றால் என்னவென்று பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் அதே வீட்டில் நருட்டோவும் டிராகன் பாலும் பார்த்து வளரும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். தனக்குப் பிடித்த அனிமே பாத்திரத்தைக் கணினியில் கோடு கோடாக மேல்வரைந்து பார்க்கும் இளைஞர்கள் இன்று பல ஊர்களிலும் இருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது பொழுதுபோக்காகத் தெரியும். முறையாகச் செய்தால் அது ஒரு கைத்தொழிலின் முதல் பாடம்.

நிபோங் திபால் வட்டாரத்தில் உள்ள பைராம் தோட்டம் போன்ற இடத்திலிருந்து ஓவிய வகுப்புக்காகத் தீவுப் பக்கம் போவதென்றால், பாலம் கடந்து போய் வர வேண்டும். போக்குவரத்துச் செலவே பல பெற்றோரை யோசிக்க வைக்கும். இந்தப் பாடத்துக்கு அந்தப் பயணம் தேவையில்லை. வீட்டில் ஒரு சாதாரணக் கணினி, ஒரு மவுஸ், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

படம் ஏன் உடைகிறது?

கைப்பேசியில் எடுக்கும் படம் லட்சக்கணக்கான சிறு வண்ணக் கட்டங்களால் ஆனது. அகலத்தில் 1,000 கட்டங்கள் உள்ள ஒரு படத்தைப் பத்தடிப் பதாகைக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு இழுத்தால், ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கட்டங்கள்தான் வரும். கண்ணுக்குக் கட்டம் தெரியாமல் என்ன செய்யும்?

வெக்டர் படத்தில் கட்டங்களே இல்லை. "இந்தப் புள்ளியில் தொடங்கு, இப்படி வளைந்து அந்தப் புள்ளியில் முடி, உள்ளே இந்த வண்ணத்தை நிரப்பு" என்ற கணக்குதான் அதில் இருக்கிறது. தபால்தலை அளவோ கட்டட அளவோ, கணினி ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டு வரைகிறது. அதனால் ஓரம் எப்போதும் கூர்மையாக இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கும் இதுதான் தேவை. அதன் கத்தி கோட்டின் வழியேதான் போகும். கட்டங்களை வைத்து அதற்கு வழி சொல்ல முடியாது.

இந்த வளைகோட்டுக் கணக்கு கார் தொழிற்சாலையில் பிறந்தது. பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டெல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும், காரின் உடல் வளைவுகளைக் கணக்கில் கொண்டுவர 1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தனித்தனியே இந்த முறையை உருவாக்கினார்கள். இன்று அது 'பெசியே வளைகோடு' என்று அழைக்கப்படுகிறது. ஒரு வளைவுக்கு இரண்டு முனைப் புள்ளிகளும், அவற்றை இழுத்து வளைக்கும் இரண்டு கைப்பிடிகளும் போதும்.

வாசலில் இருக்கும் கணக்கு

புள்ளி வைத்துக் கோடு இழுப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. கோலம் போடும் அம்மாவும் பாட்டியும் முதலில் புள்ளிகளை அளந்து வைக்கிறார்கள். பிறகு கை தயங்காமல் ஒரே இழுப்பில் வளைவைக் கொண்டுபோகிறார்கள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், வெக்டரில் புள்ளியின் வழியாகவே போகும். வேறுபாடு அவ்வளவுதான். எங்கே புள்ளி வைப்பது, எவ்வளவு வளைப்பது என்ற கண் கணிப்பு இரண்டுக்கும் பொது.

கணினி அறிவியலும் இதைக் கவனித்திருக்கிறது. சென்னை கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆய்வு மரபில் வந்த கே.ஜி. சுப்ரமணியன் பின்னாளில் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

தொடங்குவது எப்படி?

'இங்க்ஸ்கேப்' என்ற மென்பொருள் 2003-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கட்டணம் செலுத்தி 'அடோபி இல்லஸ்ட்ரேட்டர்' பயன்படுத்துவோரும் உண்டு. கற்கும் பாடம் இரண்டிலும் ஒன்றுதான்.

அனிமே படத்தை முதல் பாடமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கோடு தெளிவாக இருக்கும். பெரும்பாலும் ஒரு பகுதிக்கு ஓர் அடி வண்ணம், ஒரு நிழல் வண்ணம், சில இடங்களில் ஒளிப்பட்ட வெளிச்சம், அவ்வளவுதான். புகைப்படத்தைப் போல் ஆயிரம் சாயல்கள் கிடையாது.

வேலை இப்படிப் போகும். முதலில் படத்தை மென்பொருளில் திறந்து, அதன் நிறத்தைப் பாதியாக மங்கலாக்கி, அசையாதபடி பூட்டி வைக்க வேண்டும். அதற்கு மேல் புதிய அடுக்கு ஒன்றைத் திறந்து அதில்தான் வரைய வேண்டும். மெல்லிய தாளை மேலே போட்டு அடியில் உள்ள படத்தை வரைவது போன்றது இது.

பிறகு பேனாக் கருவியை எடுத்து, கோடு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த புள்ளியை வளைவு திசை மாறும் இடத்தில் வைத்து, மவுஸை விடாமல் இழுத்தால் கைப்பிடி வரும். அதை இழுக்க இழுக்கக் கோடு வளையும். கன்னத்தின் வளைவுக்கு இரண்டு மூன்று புள்ளிகள் போதும். ஒரு முழு வட்டத்துக்கே நான்கு புள்ளிகள்தான் தேவை.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். கோடு விலகிவிடுமோ என்ற பயத்தில் அரை அங்குலத்துக்குப் பத்துப் புள்ளிகள் வைப்பார்கள். கோடு நடுங்கும் கையால் வரைந்தது போல் ஆகிவிடும். புள்ளியைக் கூட்டுவதைவிட, வைத்த புள்ளியை நகர்த்தியும் கைப்பிடியை இழுத்தும் சரிசெய்யப் பழக வேண்டும்.

அடுத்தது கோட்டின் கனம். அனிமேக் கோடு முழுக்க ஒரே கனத்தில் ஓடாது. முடி நுனியில் ஊசியாக மெலியும், தாடையின் அடியில் தடிக்கும். அதனால் தேர்ந்தவர்கள் கோட்டை வெறும் கோடாக இழுப்பதில்லை. இரு ஓரங்களையும் தனித்தனியே வரைந்து, மூடிய வடிவமாக்கி, உள்ளே கறுப்பை நிரப்புகிறார்கள். நேரம் அதிகம் எடுக்கும், ஆனால் படத்துக்கு உயிர் அங்கேதான் வருகிறது.

கடைசியாக அடுக்குகளைப் பிரிக்க வேண்டும். பின்முடி அடியில், முகம் அதற்கு மேல், பிறகு கண்கள், எல்லாவற்றுக்கும் மேலே முன்முடி. ஒவ்வொன்றிலும் அடி வண்ணம், நிழல், கோடு என்ற வரிசை. அடுக்குகளுக்கு அப்போதே பெயர் வைத்துவிட்டால், இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது தேடித் திண்டாட வேண்டியதில்லை. முடித்ததை எஸ்விஜி கோப்பாகச் சேமித்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே முழுப் படத்தையும் வெக்டராக்கித் தரும் வசதியும் உண்டு. அவசர வேலைக்கு அது உதவும். ஆனால் எது முக்கியமான கோடு, எது வெறும் அழுக்கு என்று அதற்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான தேவையற்ற புள்ளிகளைக் கொட்டிவிடும். பழகும் காலத்தில் அந்தப் பொத்தானை நம்பினால் கணினி வரையும், கை கற்காது.

மேல்வரைவதும் ஒரு வேலைதான்

"பிறர் வரைந்ததை மேல்வரைவது என்ன திறமை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானிய அனிமேத் துறையே அந்த வேலையின் மேல்தான் நின்றது. ஓவியர் தாளில் பென்சிலால் வரைந்ததை, ஒளி ஊடுருவும் தகட்டில் மையால் மேல்வரைந்து, பின்புறம் வண்ணம் பூசும் பிரிவு பல படப்பிடிப்பு நிலையங்களில் இருந்தது. பிறகு நகலெடுக்கும் இயந்திரமும் கணினியும் வந்தன. 'சசாயே-சான்' என்ற தொலைக்காட்சித் தொடர் மட்டும் 2013 வரை அந்தத் தகட்டு முறையைக் கைவிடாமல் இருந்தது.

மிச்சியோ யசுதா என்ற பெண் 1958-இல் தோயே நிறுவனத்தில் இப்படிப்பட்ட வண்ணப் பூச்சுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் ஜிப்லி நிறுவனத்தின் வண்ண வடிவமைப்பாளரானார். 2001-இல் வெளியாகி, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற 'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் வண்ணங்கள் அவர் முடிவு செய்தவை.

விற்கலாமா?

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டியது இது. நன்றாக வரையத் தொடங்கியதும், அந்தப் படத்தை டி-சட்டையில் அச்சிட்டு விற்கலாமே என்ற எண்ணம் வரும். நண்பர்களும் கேட்பார்கள். "ஒவ்வொரு கோட்டையும் நான்தானே வரைந்தேன்" என்பது பிள்ளையின் வாதமாக இருக்கும்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் உரிமை அதைப் படைத்தவரின் வாழ்நாளும், மறைவுக்குப் பிறகு 50 ஆண்டுகளும் நீடிக்கும். டிராகன் பாலை வரைந்த அகிரா தோரியாமா 2024 மார்ச் மாதம் காலமானார். அவர் வரைந்த ஓவியங்களுக்கு 2074 முடியும் வரை இந்நாட்டில் பாதுகாப்பு உண்டு. சொந்தமாகப் படித்துப் பழக வரைவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அனுமதியின்றி அச்சிட்டு விற்பது வேறு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பத்து டி-சட்டை விற்று வரும் காசுக்கு இந்த ஆபத்து தேவையில்லை. மேல்வரைந்த படத்தைப் பிறர் பார்க்கப் பகிரும்போதும், மூலம் யாருடையது என்று எழுதிவிடுவது மரியாதை. அதைத் தன் சொந்தப் படைப்பு என்று சொல்லிக்கொள்வது கூடாது.

அடுத்த படி

ஐந்தாறு படங்களை மேல்வரைந்த பிறகு, அடியில் உள்ள படத்தை மறைத்துவிட்டு வரைந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு சொந்தப் பாத்திரம். தான் வளர்ந்த கம்பத்தின் வாழ்க்கையையே சொந்தக் கோட்டில் வரைந்துதான் லாட் 1979-இல் 'கம்போங் பாய்' நூலைத் தந்தார். தோட்டத்து வாழ்க்கைக்கும் அப்படிச் சொல்ல எத்தனையோ கதைகள் இருக்கின்றன. சொந்தமாக வரைந்ததை விற்கலாம். மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் 2012 முதல் நடப்பில் உள்ள முறைப்படி அதைத் தன் பெயரில் பதிவும் செய்து வைக்கலாம்.

இந்தத் திறமை அனிமேயோடு நின்றுவிடுவதும் இல்லை. கணினியிலும் கைப்பேசியிலும் நாம் படிக்கும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இதே வளைகோட்டுக் கணக்கில் வரையப்பட்டதுதான். 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய நம் நாட்டவர் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள்தான் ஆப்பிள் கணினிகளிலும் ஐபோன்களிலும் இடம்பெற்றிருக்கின்றன. 'அ' என்ற எழுத்தின் சுழியை எத்தனை புள்ளிகளில் சரியாக வளைப்பது என்ற கேள்வியும், அனிமே முடியின் சுருளை எத்தனை புள்ளிகளில் வளைப்பது என்ற கேள்வியும் ஒன்றுதான்.

எஸ்பிஎம் முடித்துப் படிப்பைத் தொடர விரும்புவோருக்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவும், பாசீர் கூடாங்கிலுள்ள இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக்கும் வடிவமைப்புத் துறைக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய துறைக்கு விண்ணப்பிப்பவருக்குச் சொந்தப் படைப்புகளின் தொகுப்பு கையில் இருப்பது பெரிய துணை. அதில் வைக்க வேண்டியது மேல்வரைந்த நருட்டோவை அல்ல, தானே வரைந்த படங்களை.

அதற்கு முதல் பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. அம்மா போடும் கோலம் ஒன்றை நேர் மேலிருந்து படம் பிடித்து, மிகக் குறைந்த புள்ளிகளில் அதை வெக்டராக்கிப் பார்க்கலாம். வழிவழியாக வந்த கோலத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த திருவிழாப் பதாகையின் ஓரத்தில் அந்தக் கோலத்தையே போட்டுக்கொள்ளலாம். பத்தடிக்கு இழுத்தாலும் அது உடையாது.