மின்விளையாட்டு மேலாண்மை: அடையும் தலைச்சொல்லும்

'விளையாட்டு' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும்: திறன் காட்டும் போட்டி ஒன்று, பொறுப்பற்ற செயல் மற்றொன்று. 'விளையாட்டாகச் செய்துவிட்டான்' என்னுமிடத்து இரண்டாம் பொருளே முந்துகிறது. மின்விளையாட்டு மேலாண்மை பயில விழையும் மாணவரைப் பெற்றோர் ஐயுறுவதற்கு இச்சொல்நிழலும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம்.

ஆயினும், அத்தொடரின் தலைச்சொல் 'மேலாண்மை'. 'மின்விளையாட்டு' அதற்கு அடை. 2018இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷியர் பல்கலைக்கழகம் மின்விளையாட்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் இதற்குப் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. இவ்வளவு வளர்ந்த துறைக்கு ஆடுவோர் மட்டும் போதார். போட்டியை நடத்துவோரும் ஒளிபரப்புவோரும் ஒப்பந்தம் வரைவோரும் வேண்டும்.

காற்பந்தாட்டம் எவருக்கும் உடைமையன்று. மின்விளையாட்டோ அதனை உருவாக்கிய நிறுவனத்தின் உடைமை. அதன் இசைவின்றிப் பெரும்போட்டி நடத்த இயலாது. நிறுவனம் கைவிட்டால் போட்டியும் மறையும்.

எனவே, மாணவர் வினவ வேண்டியது "எந்த விளையாட்டு?" என்பதன்று, "சட்டம், கணக்கியல், சந்தைப்படுத்தல் ஆகியன எவ்வளவு கற்பிக்கப்படும்?" என்பதே. இவை திண்ணியவாயின், ஒரு விளையாட்டு மறைந்தாலும் கற்ற கல்வி பிற துறைகளிலும் கைகொடுக்கும். அடையைக் கண்டு மயங்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா, தலைச்சொல்லை நோக்குவோமாக.